மதுசூதனின் போன்

காட்டூரிலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்த பெஞ்சமின், செருப்பைக்கூடக் கழற்றாமல் மதுசூதனின் வீட்டு வாசலிலேயே கேட்டான்.

"போன மாசம் என் வீட்டுக்கு வந்தப்ப, டேபிள்ல இருந்த சர்க்யூட் படத்தை போன்ல எடுத்தியா?"

மதுசூதனின் முகம் சிவந்தது. இருவரும் ஒரே இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவர்கள். காலால் மிதித்தால் கிட்டாரை ஒரு ஸ்தாயி மேலேற்றி உறும வைக்கும் பெடல் ஒன்றை பெஞ்சமின் தானே சர்க்யூட் வரைந்து செய்திருந்தான். எவனும் காப்பியடிக்கக் கூடாதென்று, உள்ளிருந்த டிரான்சிஸ்டர்களின் நம்பர்களை உப்புத்தாளால் தேய்த்தே அழித்திருந்தான்.

"இன்னுமாடா என்னைச் சந்தேகப்படுற?"

"போனைக் காட்டு."

காட்டினான். கோபுரமும் குழந்தையும்தான் இருந்தன.

"அழிச்சிட்டியா? உண்மையைச் சொல்லு."

"எடுக்கவே இல்லடா. பெருமாள் மேல சத்தியம்!"

பெஞ்சமின் படியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"படுபாவி, ஒரே ஒரு போட்டோ எடுத்திருக்கக் கூடாதா? நாளைக்குக் கச்சேரி. காலையில பெடல் செத்துப்போச்சு. என்ன டிரான்சிஸ்டர் போட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. எல்லாம் அந்தப் படத்துலதான் எழுதியிருந்தேன். அதை அன்னிக்கு நீ கிளம்பினதுமே கொளுத்திட்டேன்டா!"