மொட்டைக் கடிதம்

"எட்டு உயிரை ஒரே ரூம்ல போட்டு அடைச்சு வெச்சிருக்கீங்களாமே! உங்களுக்கெல்லாம் ஈவு இரக்கமே கிடையாதா?"

அதிகாரியம்மா வந்த வேகத்தில் ஆய்வுக்கூட மேலாளர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் விலங்குகளின் நலனைக் கவனிப்பது அம்மாவின் வேலை. எங்கோ ஒரு எலி வாடினால்கூட அவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

கையிலிருந்த மொட்டைக் கடிதத்தை உரக்க வாசித்தார். "ஜன்னல் இல்லாத அறையில் எட்டுப் பேர் வெந்து சாகிறார்கள். குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. சீக்கு வந்தால் ஏனென்று கேட்க நாதியில்லை."

வாசித்ததும் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, கூண்டை 'அறை'ன்னும் எலியைப் போய் 'பேர்'னும் எழுதியிருக்கான். இலக்கணம் தெரியாதவனுக்கு இருக்கிற பாசம்கூடப் படிச்ச உங்களுக்கு இல்ல!"

எலி அறையைத் திறந்ததும் ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. கூண்டுக்குக் கூண்டு புது மரத்தூள், குப்பி நிறையச் சுத்தமான தண்ணீர், கடித்து விளையாட மரக்கட்டை. மருத்துவர் அன்று காலை வந்து பார்த்ததற்குச் சுவர் அட்டையில் கையெழுத்து.

அம்மா விடவில்லை. வெப்பமானியைப் பார்த்தார், கூண்டுகளை அளந்தார், குனிந்து குனிந்து எண்ணினார். எந்தக் கூண்டிலும் நாலுக்கு மேல் இல்லை. ஒரு வெள்ளை எலி கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தது.

"என்னங்க இது, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்குதுங்க! அப்ப இதை எவன் எழுதினான்?"

"வேலையத்தவன் எவனாவது எழுதியிருப்பான் மேடம். வாங்க, காபி சாப்பிடலாம்." மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சொல்லித்தான் எழுதினாங்க."

கதவோரம் கூண்டு கழுவும் பெண் நின்றிருந்தாள். நெஞ்சுவரை ஈரம், வெந்நீர் பட்டுத் தோலுரிந்த கைகள். இத்தனை பெரிய மனுஷியிடம் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

மேலாளர் பல்லைக் கடித்தார். "போய் வேலையைப் பாரு!"

"நீங்க சும்மா இருங்க." அதிகாரியம்மா அவள் தோளில் பரிவோடு கை வைத்தார். "பயப்படாம சொல்லும்மா. பாவம், அதுங்கள எங்க அடைச்சு வெச்சிருக்காங்க?"

"பின்னால, கூண்டு கழுவுற ரூம்லம்மா. ஒரே ஆவி, மூச்சு விட முடியாது. முந்தாநேத்து ஒருத்தி சுருண்டு விழுந்துட்டா." அவள் பின்பக்கம் கை காட்டினாள். "எலி இல்லம்மா... நாங்க. நாங்கதான் எட்டுப் பேரு."

அம்மாவின் கை தோளிலிருந்து மெல்ல இறங்கியது. முகத்திலிருந்த கோபமும் அதனோடு இறங்கியது. கடிதத்தை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மேலாளரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

"நல்லவேளை! நான் எலிகளுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு பதறிப்போயிட்டேன்."