எதிர்முனையில் அண்ணி

"போச்சு! மறுபடியும் எரர் விழுந்துடுச்சு, அண்ணி!"

நாத்தனார் போனில் போட்ட கத்தலில், அந்தப் பக்கம் போன நர்ஸ் ஒருத்தி நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"இங்கயும் தெரியுதும்மா," என்றாள் எதிர்முனையில் அண்ணி.

மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியின் மாடி அறையில் நாத்தனார். கீழே ஊருக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில் அண்ணி. இரண்டு மாடியிலும் ஒவ்வொரு டிஷ், ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தபடி. மேலே எடுக்கும் ஸ்கேனைக் கீழே இருக்கும் பெரிய டாக்டர் அப்போதே பார்க்க வேண்டும். அதற்குத்தான் இந்த ரேடியோ லிங்க்.

மாட்டுவது சுலபம். சோதனையில் தேறுவதுதான் உயிரை வாங்கும். இங்கிருந்து அனுப்புகிற டேட்டா கீழே போய் அப்படியே திரும்பி வர வேண்டும். ஒரு நாள் முழுக்க ஒரு எரர்கூட விழக் கூடாது. விழுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இவர்கள் ஏற்கெனவே இரண்டு தடவை ஆரம்பித்தாகிவிட்டது.

முன்னால் வேறு இடங்களில் செய்த கோளாறுகளுக்காக நாத்தனார் இரண்டு மெமோ வாங்கியிருந்தாள். இன்னொன்று வந்தால் வேலை இல்லை என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

அண்ணிக்கு என்ன கவலை? புதுசாக வேலைக்குச் சேர்ந்தவள். அந்த வேலையும் நாத்தனார் சிபாரிசில் கிடைத்தது. எனக்குத் தேவைதான் என்று நாத்தனார் இப்போது நொந்துகொண்டாள்.

"அண்ணி, அங்க எதையாவது தொட்டீங்களா?"

"தொடலையே."

"கேபிளைக் கால்ல தட்டி விட்டீங்களா?"

"நான் பாட்டுக்கு ஓரமா உட்கார்ந்திருக்கேன்மா."

"அப்புறம் எரர் என்ன வானத்துலேர்ந்தா குதிக்கும்?"

படாரென்று கதவு அடித்துக்கொண்டது. மேஜைமேல் இருந்த பேப்பரெல்லாம் பறந்தது. நாத்தனார் ஒரு கையால் போனையும் இன்னொரு கையால் பேப்பரையும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சத்தம்?"

"கதவுதான். இங்க காத்து பேயா அடிக்குது. நீங்க பேச்சை மாத்தாதீங்க."

"அப்படியா? இங்க கொடியில காயற துணிகூட அசையலை."

"துணி காயறதைப் பார்க்கவா உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?"

அண்ணிக்குச் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. "இரு, எதுக்கும் டிஷ்ஷை ஒருதடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று போனை வைத்தாள்.

வைத்த கையோடு நாத்தனார் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"உன் பொண்டாட்டியால என் வேலை போகப்போகுது. வீட்டுலதான் அவங்க வெச்சது சட்டம்னா, இங்கயுமா?"

அண்ணன் வழக்கம்போல "ம்" என்றான்.

அவனிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மேனேஜருக்கு மெசேஜ் தட்டினாள்: 'என் பக்கம் எல்லாம் சரி சார். தப்பு எதிர்முனையில்.'

அனுப்பிய பிறகு கொஞ்சம் உறுத்தியது. ஆனால் யாராவது ஒருத்தர் மாட்டித்தானே ஆக வேண்டும்!

சற்று நேரத்தில் மேனேஜர் இரண்டு பேரையும் ஒரே அழைப்பில் பிடித்தார்.

"ஆஸ்பத்திரிக்காரங்க என்னைப் பிச்சு எடுக்கறாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒப்படைக்கலைன்னா ஆர்டர் கேன்சல். யார் பக்கம் தப்பு? சொல்லலைன்னா நானே கிளம்பி வந்து ரெண்டு மாடியும் ஏறிப் பார்ப்பேன்."

பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் அவரே அண்ணியிடம் கேட்டார்.

"உங்க நாத்தனார் மெசேஜ் அனுப்பியிருக்காங்கம்மா, தப்பு உங்க பக்கம்னு. உண்மையா?"

மனுஷன் இப்படிப் போட்டு உடைப்பார் என்று நாத்தனார் நினைக்கவே இல்லை. அண்ணி மட்டும் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அவர் இங்கேயும் வருவார். வந்தால் எதையாவது நோண்டிக் கண்டுபிடிக்காமல் போகமாட்டார்.

"என்னம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். உண்மைதான்," என்றாள் அண்ணி. "டிஷ்ஷைத் திருப்பி நிறுத்தினதும் போல்ட்டை நல்லா இறுக்கணும். மறந்துபோச்சு. காத்து அடிச்சா டிஷ் ஆடுது. அதான் எரர் விழுது."

"போல்ட்டை இறுக்கக்கூடவா ஒருத்தர் வந்து சொல்லணும்? மெமோ வரும், வாங்கிக்குங்க. உடனே அதைச் சரிபண்ணிட்டு டெஸ்ட்டை ஆரம்பிங்க. இதான் கடைசி!"

அவர் அழைப்பைத் துண்டித்தார். நாத்தனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்துவிட்டது.

"நல்லா இருக்கு அண்ணி! ஒரு போல்ட்டை இறுக்கத் துப்பில்லை, உங்களுக்குப் போய் சிபாரிசு பண்ணேன் பாருங்க! என் மானமே போச்சு. சரி, இப்பவாவது இறுக்கிட்டீங்களா?"

"இல்லை."

"இன்னும் இல்லையா? அப்ப இவ்வளவு நேரம் என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

"எல்லாத்தையும் தொட்டுப் பார்த்தேன். என் பக்கம் ஒரு போல்ட்கூட லூஸா இல்லைம்மா," என்றாள் அண்ணி. "எனக்கு இது முதல் மெமோ, உனக்குன்னா மூணாவது. பேசிட்டு நிக்காம ஸ்பேனரை எடுத்துட்டுப் போய் உன் டிஷ்ஷை இறுக்கு."