கடைசி அத்தியாயத்தில் குணமானவள்

சிகந்தராபாத் சங்கீத சபாவில் ஞாயிறு காலைக் கச்சேரிகளை டேப்பில் பதிவு செய்பவர் சிவஞானம். மனைவி விஜயகுமாரி காசநோயில் போய் ஒரு வருஷமாகியும், ஒவ்வொரு டேப்பிலும் மங்களத்துக்கு முந்தைய அமைதியில் அவள் இருமல் கேட்டது. அரங்கில் யாரும் இருமியதில்லை. அந்த இருமலைக் கதாநாயகிக்குக் கொடுத்து அவர் ஒரு நாவல் எழுதினார். கடைசி அத்தியாயத்தில், மனசு கேட்காமல், அவளுக்குக் குணமாகிவிட்டதாக முடித்தார்.

நாவலை முடித்த அந்த ஞாயிறு, சபாவில் நாற்காலி போடும் சூசைராஜும் வழக்கம்போல் அவருடன் உட்கார்ந்து டேப்பைக் கேட்டார்.

“கேட்டுதா, சூசை?”

“இல்லண்ணே. இன்னைக்கு அண்ணி இருமவே இல்ல.”

மறு வாரமும் இல்லை. சிவஞானம் கடைசி அத்தியாயத்தை அடித்துவிடப் பேனாவைத் திறந்தார். அவள் ரத்தம் துப்பிய துண்டுகளை அலசிய நாட்கள் நினைவுக்கு வந்தன. பேனாவை மூடினார். டேப்பில் அந்த அமைதி முழுசாக ஓடி முடிந்தது. பிறகு மங்களம் வந்தது.