கோளாறு அக்கா

"சண்டையே போட மாட்டேங்கிறாரு அக்கா. அதுதான் இவருகிட்ட கோளாறு."

வந்தவள் சொன்னதைக் கேட்டுக் கோளாறு அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே தொழிலால்தான். இயந்திர மனிதர்களைச் செய்கிறவர்கள் குறை என்பதே இல்லாமல் செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குறையே இல்லாத ஆளோடு யாரால் குடித்தனம் நடத்த முடியும்? கொஞ்ச நாளில் அலுத்துப்போய் அக்காவிடம் கூட்டிக்கொண்டு வருவார்கள். கொஞ்சம் மறதி, கொஞ்சம் வீம்பு, வேண்டுமானால் குறட்டை என்று அளவு பார்த்துக் கலந்து அனுப்புவாள்.

"உக்காரும்மா. அவரையும் உக்கார வை."

அவர் ஜன்னலோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். வெளியே தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தண்ணீர் கலந்த பால் மாதிரி ஒரு வெளிச்சம் திரைச்சீலை வழியே வந்து அறையெல்லாம் பரவியிருந்தது. கோளாறு பழக வந்திருந்த மற்ற இயந்திரப் பொம்மைகள் எதிர்ச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து அரைக் கண் மூடியிருந்தன.

"சொன்னதையெல்லாம் கேட்பாரா?"

"கேட்பாரு. ஒருநாள் வேணும்னே சாப்பாட்டுல உப்பே போடாம வச்சேன். ஒண்ணுமே சொல்லாம சாப்பிட்டுட்டு எந்திரிச்சுட்டாரு."

"முன்னெல்லாம் சொல்லுவாரா?"

"வீடு ரெண்டுபடும்."

"அப்ப ஏற்கெனவே யாரோ நல்லாத்தான் கோளாறு வச்சிருக்காங்க. அது அழிஞ்சு போச்சு. திருப்பி வச்சுடலாம்."

"நிஜமாவா அக்கா? எனக்கு அந்தப் பழைய ஆளு திரும்பி வந்தாப் போதும். என்னைத் திட்டினாக்கூடப் பரவாயில்ல."

அக்காவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பொம்மைமேல் இத்தனை ஆசை வைத்தவர்களை அவள் அதிகம் பார்த்ததில்லை.

"வேற என்னென்ன தப்பு பண்ணுவாரு?"

"கதையெல்லாம் தப்புத் தப்பாச் சொல்லுவாரு. எங்க குட்டிப் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டுத் திருத்துவா. அவ திருத்தணுங்கிறதுக்காகவே தப்பாச் சொல்லுவாரு."

"பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"அவ வீட்டுல இல்ல அக்கா." அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அக்காவின் வழி தனி. மற்ற கடைகளில் ஆள் வந்ததும் காதுக்குப் பின்னாலிருக்கும் மூடியைக் கழற்றிவிடுவார்கள். இவள் கடைசிவரை அதைத் தொடமாட்டாள். "காதைத் திறந்து பாத்துட்டா அப்புறம் மதிக்கத் தோணாது" என்பாள். எதிரே உட்கார்ந்து தப்பையெல்லாம் அவளே செய்துகாட்டுவாள். பார்த்துப் பார்த்து அதுகளுக்கு ஒட்டிக்கொள்ளும்.

முதலில் ஒரு கொட்டாவி விட்டாள். எதிர் வரிசை முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டாவி ஓடியது. கடைசியில் இருந்த வழுக்கைத் தலைப் பொம்மை கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டது. வந்தவர் மட்டும் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற மாதிரித் தேடினாள். வரிசையில் எல்லாக் கைகளும் தலைக்குப் போயின. அவர் கை மடியிலேயே கிடந்தது.

"சரியான பிடிவாதக்காரரா இருக்காரே. கதை சொல்லியே பாப்போம்."

அக்கா நாற்காலியை அவர் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு ஊர்ல ஒரு யானை. அது மரத்து உச்சியில கூடு கட்டி முட்டை போட்டுச்சாம்."

"முட்டை போட்டுச்சாம்" என்று வரிசை முணுமுணுத்தது.

"முட்டை பொரிஞ்சு உள்ளேர்ந்து ஒரு குட்டி நிலா வந்துச்சாம். அதுக்கு நீச்சல் தெரியாதாம். அதனால யானை அதை மேகத்துல படுக்க வச்சு, காதால விசிறி விட்டுச்சாம்."

இப்படியெல்லாம் சொல்ல அவள் நினைத்திருக்கவில்லை. மழைச் சத்தத்தில் கதை தானாக எங்கெங்கோ போயிற்று. பொம்மைகள் மெல்லிய குரலில் பின்பாட்டுப் பாடின. அறையே மிதப்பது போல அவளுக்கு ஒரு மயக்கம். அந்த மயக்கத்தில்தான் அவர் முகத்தைக் கவனித்தாள். இரண்டு கன்னத்திலும் நீர் வழிந்து சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது.

"அடடா, கண்ணுல கசியுதே. உள்ள ஏதோ விட்டுப்போச்சு. இனி திறந்துதான் பார்க்கணும்."

அக்கா பின்னால் போய் அவர் காதை மடக்கிப் பார்த்தாள். மூடியைக் காணோம். இன்னொரு காதிலும் இல்லை. தடவிக்கொண்டே வந்த விரல் கழுத்தில் நின்றது. தோலுக்குக் கீழே ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"என்னம்மா இது?"

வந்தவள் அவர் முகத்தைத் தன் கையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவளும் அழுதாள்.

"கதையை நிறுத்தாதீங்க அக்கா. எங்க குட்டி ஆத்தோட போனதுலேர்ந்து இவரு அழுததே இப்பத்தான். பாக்காத டாக்டர் இல்ல. நீங்க மெஷினையே மனுஷனா ஆக்கிடுவீங்கன்னு சொன்னாங்க... இவரு ஏற்கெனவே மனுஷன்தானே, உங்களுக்குக் கொஞ்சம் சுலபமா இருக்கும்னு நெனச்சுக் கூட்டிட்டு வந்தேன்."