மாப்பிள்ளையின் முதுகு

காலை ஆறேகால். மேல் முதுகில் நாலு சிராய்ப்பு. முதுகு மாப்பிள்ளையுடையது.

கொடியிலிருந்து துண்டை எடுக்கத் திரும்பியபோது மாமியார் கண்ணில் பட்டுவிட்டது. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். தெருவே அவரை இன்னும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறது.

"அப்படியே நில்லுங்க மாப்பிள்ளை. என்ன இது?"

"சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டேன் அத்தை."

"விழுந்தவருக்கு முழங்கை சிராய்க்கலை, உள்ளங்கை சிராய்க்கலை. தோள்பட்டை எலும்பு மேல மட்டும் தோல் உரிஞ்சிருக்கு. பக்கத்துல காய்ஞ்ச பொருக்கு வேற. பழசு ஆறுறதுக்குள்ள மறுபடி விழுந்தீங்களா?"

மாப்பிள்ளை கொடியைப் பார்த்தார்.

சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, களிம்பு தடவி, துணி வைத்து ஒட்டினார் சிஸ்டர். "பவுடர் கிவுடர் போட்டுத் தொலைக்காதீங்க. சீழ் வச்சுடும்."

ஒன்றும் பிடிபடவில்லை. குடிக்கிறவர் இல்லை. வம்புக்குப் போகிறவர் இல்லை. அப்படியென்றால் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. மகளுக்குக் கோபம் வந்தால் சின்ன வயதிலேயே கை நீளும்.

சமையலறைக்குப் போய்க் கேட்டேவிட்டார்.

"ஏண்டி, மாப்பிள்ளையைப் பிடிச்சுச் சுவத்துல தள்றியா?"

"நானா? அவரைத் தள்ளணும்னா கிரேன்தான் வரணும்." மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"பின்ன என்னன்னு சொல்லேன்."

"அவரையே கேளும்மா."

"ரெண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறீங்க. எனக்கு வயசாச்சே தவிர புத்தி மழுங்கலை. ராத்திரி காது மிஷினைக் கழட்டி டப்பாவில வைக்கிறேன், காலையில டப்பாவிலேர்ந்து எடுக்கிறேன். ஒரு நாள் மறந்திருக்கேனா? மறக்கிற அன்னிக்கு நானே முதியோர் இல்லத்துக்குப் போயிடுவேன்னு உங்களோட இருக்க வந்தப்பவே சொல்லியிருக்கேன்."

"தெரியும்மா." மகள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உண்மை வெளியே வராவிட்டால் மாப்பிள்ளையின் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசிவிடுவது என்று சிஸ்டர் முடிவு செய்தார். பெற்ற பெண்ணைப் பற்றித் தானே புகார் சொல்வதா என்றும் இருந்தது. சொல்லாமல் விட்டால் அந்த முதுகு?

மறுநாள் விடிகிற நேரம். கட்டில் லேசாக ஆடியது.

சிஸ்டர் கண்ணைத் திறந்தார். எதுவும் கேட்கவில்லை. காதைத் தொட்டுப் பார்த்தார்; மிஷின் இல்லை. ஸ்டூலில் டப்பா திறந்து, காலியாகக் கிடந்தது. எப்போது கழற்றினோம், எங்கே வைத்தோம்? நினைவுக்கு வரவில்லை.

தாழ்ந்த இரும்புக் கட்டில் அது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீண்டிருந்தன. அப்புறம் முதுகு வந்தது. நேற்று ஒட்டிய துணி கட்டில் கம்பியில் உரசி, பாதி பிய்ந்து தொங்கியது.

மாப்பிள்ளை உள்ளங்கையில் இருந்த காது மிஷினைத் துடைத்தார். டப்பாவில் வைத்து மூடினார். பூனை மாதிரி வெளியே போனார்.

சிஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஜூன் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, தச்சர் வந்து கட்டிலின் நாலு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்திக் கொடுத்தார். கீழே பெருக்க வசதியாக இருக்கும் என்று சிஸ்டர்தான் வரச் சொல்லியிருந்தார்.