ஜீவானந்தனின் மூக்கு

கிளாஸ் கைக்கு வந்ததுமே ஜீவானந்தனுக்கு வியர்த்தது.

ஸ்காட்ச் விஸ்கியை முகர்ந்தே அதன் வயசையும் ஊரையும் சொல்லிவிடுவார் என்று சிரம்பான் முழுக்கப் பேரெடுத்தவர். கோவிட் வந்து போனதிலிருந்து அந்த மூக்குக்கு மல்லிகையும் டுரியானும் ஒன்றுதான். வீட்டில்கூடச் சொல்லவில்லை. பழைய ஞாபகத்தை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

இன்று வசமாக மாட்டிக்கொண்டார். தாத்தா கிராணியாகக் கணக்கெழுதிய எஸ்டேட்டாயிற்றே என்று, முனியாண்டி கோயில் படையலில் மாலை மரியாதை வாங்கிக்கொள்ள வந்த இடம். லோரி ஓட்டும் அர்ச்சுனன், மகள் ஆபரேஷனில் பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டபடி, பதினெட்டு வருஷ ஸ்காட்ச் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். இவனுக்கு ஏது இவ்வளவு வசதி என்று கூட்டம் முணுமுணுத்தது. மூடி வேறு திறந்திருந்தது. பூசாரி மணியம் படையலையே நிறுத்திவிட்டார்.

"போலின்னா சாமிக்கு வைக்க முடியாதுலா. ஐயா மோந்து பாத்து ஒரு வார்த்த சொல்லிடுங்க."

ஊரே அவரைப் பார்த்தது. ஜீவானந்தன் கிளாஸை மெல்லச் சுழற்றி முகர்ந்தார். வெறும் காற்றுதான் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு மிடறை நாக்கில் உருட்டினார். ருசி தெரியவில்லை, தொண்டைதான் எரிந்தது. அது எந்தச் சரக்குக்கும் எரியும்.

போலி என்றால் எப்படி என்று கேட்பார்கள். விளக்கப் போய் உளறினால், இத்தனை வருஷப் பேரும் போச்சு. அசல் என்றால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடமானதை ஒப்பித்தார். "அசல்தான். ஷெரி ஒயின் பீப்பாயில கிடந்த சரக்கு. காய்ந்த திராட்சை, கொஞ்சம் தேன், கடைசியில லேசாப் புகை."

மணியம் கற்பூரத்தை ஏற்றினார். தப்பித்தோமடா சாமி என்று ஜீவானந்தன் காருக்கு நடந்தார். பின்னாலேயே ஓடிவந்த அர்ச்சுனன், அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"மருந்துச் செலவுலயே எல்லாம் போயிருச்சுங்கய்யா. ரெஸ்டாரன்ட்ல தூக்கிப்போட்ட காலி போத்தல்ல மலிவு சம்சு சாராயத்த ஊத்திக் கொண்டாந்தேன். வாயில வச்சதுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் ஊர் முன்னால என் மானத்தக் காப்பாத்திட்டீங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

உண்மையைச் சொல்லிவிட ஜீவானந்தன் வாயைத் திறந்தார்.

பிறகு, "பரவாயில்லை, விடு" என்று பெருந்தன்மையோடு அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.