முகமில்லாத காசு

லண்டன் மோர்டனில் தனியாக இருந்த யேசுரட்ணம், காட்டுவதற்கு வீட்டில் ஆளில்லாததால், தன் அரிய வெள்ளிக் காசை விற்கக் கொண்டுபோனார். அது 1758இல் ரோமில் அச்சடிக்கப்பட்டது. ஒரு பாப்பரசர் இறந்து அடுத்தவர் தெரிவாகாத இடைக்காலத்துக் காசு. அதனால் அதில் முகம் இல்லை. ஒரு குடையும் இரண்டு திறவுகோல்களும் மட்டுமே.

வியாபாரி லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது போலி. உண்மையான காசில் பெண்ணின் முகம் இருக்காது. அதுவும் மூக்குக்கண்ணாடி போட்ட பெண்."

யேசுரட்ணம் வாங்கிப் பார்த்தார். குடையும் திறவுகோல்களும்தான் தெரிந்தன.

பின்னேரம் மனைவி பியற்றிஸின் தங்கை இசபெலைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் காசை மேசையில் வைத்தார். இசபெல் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"அக்கா," என்றாள். "கண்ணாடியோட. ஆஸ்பத்திரிக்குப் போக முந்தி இருந்த மாதிரி."

பியற்றிஸ் இறந்து ஒரு மாரிக்காலம் கழிந்திருந்தது.

"எனக்குத் தெரியேல்லை, இசபெல்."

"வடிவாப் பாருங்கோ, அத்தான்."

விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். குடை. திறவுகோல்கள்.

"சிரிக்கிறாளோ?"

"ஓம்."

"என்னைப் பாக்கிறாளோ?"

இசபெல் தயங்கினாள். "இல்லை அத்தான். யன்னல் பக்கமாத் திரும்பி இருக்கிறா."

யேசுரட்ணம் காசைத் தொடாமல் எழுந்து, தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் யன்னலோரம் போட்டு, மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.